கடைசி வண்டி

"சொல்லிட்டேன்ப்பா. இன்னைக்கு வழி தப்பினீங்கன்னா வண்டிச் சாவி என் கைக்கு வந்துடணும். அப்புறம் தலைகீழா நின்னாலும் கிடைக்காது!"

லுவான் இதை வீட்டுக்குள் சொல்லியிருக்கலாம். பெட்ரோல் பங்க் வாசலில், பதினெட்டு பைக்குகளுக்கு நடுவில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அவள் அப்பா ஓரினுக்கு எழுபத்தாறு வயது. ஹெல்மெட் வாரை நிதானமாக இறுக்கிக்கொண்டார்.

"தப்பினது யாரா இருந்தாலும் இதே சட்டம்தானே?"

"யாரா இருந்தாலும். நானா இருந்தாலும்!"

"கர்ட், நீ சாட்சி" என்றார் ஓரின்.

முதல் வண்டிக்காரன் கர்ட் சிரித்தான். "அப்பனுக்கும் மகளுக்கும் நடுவுல என்னை ஏன் இழுக்கறீங்க? ஆளை விடுங்க!"

அமெரிக்காவின் வெர்மான்ட் மலையில் இலைகள் சிவக்கிற வாரத்தில் கூட்டமாகப் போகிற இந்தப் பயணத்தை முப்பத்தோரு வருடம் முன்பு ஆரம்பித்ததே ஓரின்தான். ஆனால் போன வருடம் அவரே வழி தவறிவிட்டார். சாயங்காலம் ஒரு மண் சாலையில் மாட்டுப் பண்ணைக்காரர் பார்த்துச் சொல்லித்தான் ஆள் கிடைத்தார். அன்று பட்ட பயம் லுவானுக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்த வருடம் கடைசி வண்டிக்காரர் போடுகிற ஆரஞ்சுச் சட்டையை அவளே அடம்பிடித்து வாங்கி மாட்டிக்கொண்டாள். பின்னாலிருந்து பார்த்துக்கொள்ளலாமே.

முறை இதுதான். திருப்பம் வந்தால், முதல் வண்டிக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே ஓரம் கட்டி மற்றவர்களுக்குக் கை காட்டுவார். எல்லாரும் போன பிறகு மறுபடி சேர்ந்துகொள்வார். கடைசி வண்டி வந்து சேர்ந்துவிட்டால் மொத்தக் கூட்டமும் வந்தாகிவிட்டது என்று அர்த்தம்.

வளைந்து வளைந்து போகிற சாலை. ஈர இலைகளில் சக்கரம் வழுக்கியது. வளைவுகளில் தெரிந்த அப்பாவின் சாம்பல் நிற ஹெல்மெட்டை விட்டு லுவான் கண்ணை எடுக்கவில்லை. மனுஷர் நன்றாகத்தான் ஓட்டினார். ஒரு மணி நேரத்தில் அவளுக்கே கொஞ்சம் நிம்மதி வந்துவிட்டது.

அந்த நிம்மதியில்தான் ஒரு மேப்பிள் மரத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள். அடியிலிருந்து நுனி வரை அப்படியொரு சிவப்பு! போட்டோ எடுத்தாள். அப்பாவுக்குக் காட்டலாம் என்று இன்னும் நாலு எடுத்தாள். கூட்டம் கண்ணுக்கு மறைந்துவிட்டது. அதனாலென்ன, பிறந்து வளர்ந்த ஊர். குறுக்கு வழியாகப் பெரிய சாலையில் இறங்கி விரட்டி, மதியச் சாப்பாட்டுக் கடைக்கு அஞ்சே நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தாள்.

வாசலில் நின்ற வண்டிகளை எண்ணினாள். அவளுடையதோடு பதினேழு.

"அப்பா எங்க?"

ஆப்பிள் கேக்கை வாயில் வைக்கப்போன கர்ட், கரண்டியைக் கீழே வைத்தான். "பாலத்துக்கிட்ட வரும்போது என் பின்னாடிதான் வந்தாரு. உனக்கு முன்னாடி வந்திருக்கணுமே?"

"கடைசி வண்டி நானே வந்துட்டேன், அவர் வரலையே! நான் சொன்னேன்ல? நான் அப்பவே சொன்னேன்ல?"

போன் அடித்தாள். அந்த மலையில் சிக்னலாவது ஒன்றாவது!

கர்ட்டும் அவளும் கிளம்பினார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் மூன்று மண் சாலைகள். மூன்றிலும் கடைசி வரை போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் இறங்கி எட்டிப் பார்த்தாள். "இன்னையோட சரி. அழுதாலும் விடமாட்டேன். சாவியை ஆத்துல வீசிடறேன்" என்று ஹெல்மெட்டுக்குள் புலம்பிக்கொண்டே ஓட்டினாள்.

"முதல்ல ஆள் கிடைக்கட்டும் தாயே!" என்று கத்தினான் கர்ட்.

மணி இரண்டரை. கூரை போட்ட மரப்பாலத்தைத் தாண்டியதும் கர்ட் பிரேக் போட்டான்.

திருப்பத்தில் சாம்பல் நிற பைக் நின்றது. பக்கத்தில் ஓரின் நின்றிருந்தார். ஹெல்மெட் மேலெல்லாம் இலைகள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. வலது கை மட்டும் பாலத்தைக் காட்டி நீட்டியபடியே இருந்தது.

லுவானுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நொடியே பிடித்து உலுக்கினாள்.

"உயிரே போயிடுச்சுப்பா! ரெண்டு மணி நேரமா தேடறோம்! வழி தெரியலைன்னா யாரையாவது கேட்கக் கூடாதா?"

"வழி தெரியுமே. அதைத்தானே காட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"அப்புறம் ஏன் வரலை? எல்லாரும் சாப்பிட்டே முடிச்சாச்சு!"

"பதினாறு வண்டி போச்சு. எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்" என்றார் ஓரின். "ஆரஞ்சுச் சட்டை தாண்டாம கை காட்டறவன் நகரக் கூடாது. முப்பத்தோரு வருஷமா அதுதான் சட்டம்."

லுவான் குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். கர்ட் அவசர அவசரமாக ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஓரின், இவ்வளவு நேரமும் நீட்டியிருந்த கையை மெல்ல மகள் பக்கம் திருப்பி, உள்ளங்கையை விரித்தார்.

"சாவியைக் குடும்மா."