அப்பாவின் பாராட்டு

ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டே நாள்தான் இருந்தது; நடுவில் வயலின் கச்சேரி வேறு உயிரை வாங்கியது. ஆனாலும், வெளிநாட்டில் இசை படிக்கும் மகள், கச்சேரி வீடியோவை வழக்கம்போல் அப்பாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "அருமைம்மா! கடைசிப் பாட்டுல அழுதுட்டேன்."

பிறகுதான் கவனித்தாள். அவசரத்தில் மைக்கை ஆன் செய்ய மறந்திருந்தாள். வீடியோவில் சத்தமே இல்லை.

கோபத்தோடு அம்மாவை அழைத்தாள். "கேக்காமலே கதை விடுறாரும்மா அப்பா! போன்லயும் பேசறதில்ல, எப்பவும் மெசேஜ்தான்."

அம்மாவால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"அவருக்குக் காது போய் ஆறு மாசமாச்சுடி. சொன்னா நீ படிப்பை விட்டுட்டு ஓடி வந்துடுவியேன்னு மறைச்சார். உன் வில்லு போற போக்கைப் பாத்தே பாட்டைக் கண்டுபிடிச்சிடுவார். இன்னிக்கும் தொடையில தாளம் போட்டுக்கிட்டே முழுசையும் பாத்தாருடி."