நாலு கால் தடம்

“மனுஷங்க பொய் சொல்லுவாங்க சார். வீடு சொல்லாது,” என்றார் எக்ஸ்ரே.

உதவித்தொகைக் குழு கூடியிருந்தது. வசதியில்லாத வீட்டிலிருந்து இளங்கலைப் படிப்புக்கு வந்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் தரும் பணம் அது. கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் பாதிப் பேர் கட்டணம் கட்ட முடியாமல் நின்றுவிடுவார்கள்.

விண்ணப்பித்தவர்களின் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவது இயற்பியல் பேராசிரியரின் பொறுப்பு. அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று பிள்ளைகள் வைத்த பெயர்தான் எக்ஸ்ரே. அது அவர் காதுக்கும் வந்திருந்தது. கேட்டுக் கோபப்படவில்லை, கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தார்.

டி.வி.யைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் போர்வையைப் போட்டு மூடியவர்களை அவர் பிடித்திருக்கிறார். பைக்கைப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு, கையில் சாவியோடு நின்றவர்களையும் பிடித்திருக்கிறார்.

இந்தத் தடவை இரண்டு வீடுகளைப் பற்றிக் குழுவுக்கு விவரமாகவே சொன்னார்.

முதலாவது, ஒரு தையல்காரம்மாவின் வீடு. உள்ளே நுழைந்ததுமே மெத்தை வைத்த சோபா. பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தேநீர். சாய்ந்து நன்றாக உட்காருங்கள் சார் என்று உபசாரம் வேறு.

“சோபா உங்களுதான்னு கேட்டேன். ஆமாங்கறாங்க, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாம. சோபாவுக்குக் காசு இருக்கு, பொண்ணு ஃபீஸுக்கு மட்டும் இல்லையாம்.”

குழு சிரித்தது.

இரண்டாவது, வீடுகளில் சமையல் வேலைக்குப் போகும் ஒரு அம்மாவின் வீடு. அங்கே எக்ஸ்ரே தன் வழக்கமான வித்தையைக் காட்டியிருந்தார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, முந்தின நாளே போய்க் கதவைத் தட்டுவது.

“அறை துடைச்சு விட்ட மாதிரி காலி. ஆனா தரையில நாலு கால் தடம். நடுவுல தரை புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. இவ்வளவு நீளத்துக்கு ஏதோ நின்னிருக்கு. டி.வி. வைக்கிற ஷோகேஸாதான் இருக்கணும். இங்க என்னம்மா இருந்துச்சுன்னு கேட்டேன். முழிச்சாங்க. கதவைப் பார்த்தாங்க. அப்புறம், ஒண்ணும் இல்லைங்க சார்ங்கறாங்க.”

“உடைஞ்சு தூக்கிப் போட்டிருக்கலாமே சார்?” என்று தாவரவியல் மேடம் இழுத்தார்.

“போட்டிருந்தா போட்டேன்னு சொல்றதுக்கு என்ன மேடம்?”

இரண்டு பெண்களுமே விடுபட்டார்கள். பணம் வேறு இரண்டு பிள்ளைகளுக்குப் போனது.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம், தையல்காரம்மா அவர் அறை வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்த எக்ஸ்ரே, உட்காரச் சொல்லவில்லை.

“என் பொண்ணு விஷயமா வரல சார். அவ சாயங்காலம் ஒரு கடைக்கு வேலைக்குப் போறா, எப்படியாவது இழுத்துப் பிடிச்சுடுவோம். மாடி வீட்டுப் பொண்ணுக்காக வந்தேன். அந்தச் சமையல்காரக்கா பொண்ணு. படிப்பை நிறுத்திட்டு அம்மாகூட வேலைக்குக் கிளம்பிட்டா.”

ஒரே கட்டடம் என்பது எக்ஸ்ரேவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கீழ்வீட்டைப் பார்த்த கையோடு, வந்தது வந்தோம் என்று மாடியேறியிருந்தார்.

பணம் பட்டுவாடா ஆகிவிட்டது, இனி அடுத்த வருஷம்தான், தன் கையில் ஒன்றும் இல்லை என்று சொன்னார். சொன்னதோடு விட்டிருக்கலாம்.

“அவங்களுக்காக நீங்க ஏம்மா அலையறீங்க? நான் வர்றேன்னு தெரிஞ்சு சாமானை ஒளிச்சு வெச்சவங்க அவங்க.”

அந்த அம்மா அவரையே பார்த்தார்.

“என்ன சாமான் சார்?”

“ஷோகேஸோ என்னவோ. தடம் இருந்துச்சே.”

“அது சோபா சார். சமைச்சுப் போட்ட வீட்டுக்காரங்க ஊரை விட்டுப் போகும்போது, தூக்கிட்டுப் போக முடியாம இவங்களுக்கு விட்டுட்டுப் போனது. பெரிய படிப்புப் படிச்ச சார் வர்றாரு, எங்க வீட்டுல உக்காரக்கூட இடம் இல்லையேன்னு நான்தான் புலம்பினேன். அக்காவும் அவங்க பொண்ணும் மூச்சு வாங்க மாடிப்படியில இறக்கிக் கொண்டுவந்து போட்டாங்க. அவங்க முறை மறுநாள்தானே, நீங்க போனதும் மேல ஏத்திடலாம்னு இருந்தோம். நீங்க தெருவுக்குப் போவீங்கன்னு பார்த்தா, படியேறிட்டீங்க.”

எக்ஸ்ரே நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“அவங்க எதையும் ஒளிக்கல சார். நீங்க அதுலதான் உக்காந்திருந்தீங்க.”

எதிரே இருந்த நாற்காலியை அந்த அம்மா பக்கம் நகர்த்திவிட்டு அவர் கேட்டார். “இதை அவங்க என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. ரெண்டு பேருக்குமே கிடைச்சிருக்கும்.”

“நானும் அதைத்தான் கேட்டேன் சார். ‘நீ கீழ அவர்கிட்ட உன்னுதுன்னு சொன்னது மாடிப்படி வரைக்கும் கேட்டுச்சு. நான் மேல இரவல்னு சொன்னா, உன் மூஞ்சியை எங்கடி கொண்டு போய் வெச்சுக்குவே’ன்னுட்டாங்க.”