நீர்க்கரடி

சன்னல் முழுக்கப் பனி அப்பிக்கிடக்கிறது. பகலா மாலையா என்று சொல்ல முடியாத சாம்பல் வெளிச்சம் பனிக்கண்டத்து ஆய்வுக்கூடத்தின் மேசைமேல் விழுகிறது. காற்று ஓயாமல் தகரக் கூரையைப் பிடித்து உலுக்குகிறது. கதவைத் தள்ளிக்கொண்டு வரும் மெக்கானிக், "கப்பல் இன்னும் அசையலைங்க. கடல்ல பனி உடைஞ்சாத்தான் வருமாம்," என்று சொல்லிவிட்டு, ஆய்வாளரின் முகத்தைப் பார்க்காமல் கையுறையை உதறுகிறார். அவள் தலையாட்டுகிறாள். அவளுடைய ஒரு கை நுண்ணோக்கியின் திருகில் இருக்கிறது. இன்னொரு கையில் செயற்கைக்கோள் போன். அதில் அண்ணன் பேசுகிறான். "டாக்டர் கையை விரிச்சிட்டாரும்மா. அப்பா உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார். அவர் காதுல வைக்கிறேன், பேசு." கடல் தாண்டி ஒரு மூச்சிரைப்பு வருகிறது. வந்துவிடுகிறேன் என்று பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அப்பா, இங்க எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஏரிதாம்ப்பா. ஆனா ஒண்ணுல இருக்கிற உயிரு இன்னொண்ணுல இல்லை. இன்னிக்கு ஒரு நீர்க்கரடி கிடைச்சிருக்கு. பேருதான் கரடி, வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இந்த மாதிரி ஒண்ணை நான் எந்த ஏரியிலயும் பார்த்ததில்லை." மூச்சிரைப்பு சற்றே அடங்குகிறது. "அதுக்கு எத்தனை காலு பாப்பா?" விடை அவளுக்குத் தெரியும். இருந்தாலும் குனிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, லென்ஸ் வழியாகப் பார்க்கிறாள். "இருங்கப்பா, எண்ணிச் சொல்றேன்." துளி நீருக்குள் அது நிதானமாகத் தவழ்கிறது. அவளும் அதே நிதானத்தில், ஒவ்வொன்றாக, இழுத்து இழுத்து எண்ணுகிறாள். ஆறாவது காலில் தொடர்பு அறுந்துபோகிறது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் மீதி இரண்டையும் எண்ணிச் சொல்கிறாள்.