தூங்காத வாட்ச்மேன்

அங்கப்பன் இரவிலும் தூங்குவதில்லை, பகலிலும் தூங்குவதில்லை என்று டாக்டர் ஜமீலா சொன்னபோது அங்கப்பனுக்கே தூக்கிவாரிப்போட்டது.

வெள்ளக்கடைப் பக்கத்துக் காபி எஸ்டேட்டில் அவன் இரவுக் காவல்காரன். இரவில் கண்விழித்து வேலை செய்பவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வருகிறதா என்று ஆராய்ச்சி செய்ய சேலத்திலிருந்து மலையேறி வந்தவர் டாக்டர்.

போன மாதம் அவன் கையில் ஒரு வாட்ச்சைக் கட்டிவிட்டுப் போயிருந்தார். அவனுடைய தடித்த மணிக்கட்டுக்குப் பட்டையின் கடைசித் துளைதான் எட்டியது.

அந்த வாட்ச்சில் முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது. கட்டியிருப்பவர் எப்போது அசைகிறார், எப்போது அயர்கிறார் என்பதை மட்டும் உள்ளே பதிந்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆள் அனுப்பி வாங்கிப்போய்க் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருந்தார்.

இன்று எஸ்டேட் ஆபீசுக்குள் அங்கப்பன் பயந்துகொண்டேதான் நுழைந்திருந்தான். காவலில் தூங்கினால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும்.

இரவு முழுக்க மணிக்கொருதரம் கிடங்கின் முன் தொங்கும் தண்டவாளத் துண்டில் அடி விழவேண்டும். ஒரு அடி தவறினாலும் விடிந்ததும் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் கோவிந்தராஜ் அவன் வாசலில் நிற்பார். இதுவரை தவறியதில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா, நாந்தான் அன்னைக்கே சொன்னேனுங்களே, ஆளு நொம்ப கில்லாடின்னு!" ரைட்டர் மீசையைத் தடவிக்கொண்டார். என்னவோ அவரே தூங்காமல் கிடந்த மாதிரி.

டாக்டருக்குப் பயம்தான் வந்தது. இப்படி உழைத்தால் எந்த உடம்பும் தாங்காது, இவர் ஒரு மாதமாவது இரவில் படுத்துத் தூங்கியாக வேண்டும் என்றார்.

அங்கப்பன் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டான்.

அதுவரை அவன் பெண்டாட்டி தேவகுமாரி மணி அடிக்கட்டும் என்றார் ரைட்டர். பகலெல்லாம் காபிப் பழம் பறிக்கிறவள் அவள். கதவோரம் நின்றிருந்தவளை யாரும் கேட்கவில்லை.

அவளைக் கண்டதும் டாக்டருக்கு வேறொரு யோசனை வந்தது. பகலில் உழைத்து இரவில் நிம்மதியாகத் தூங்குகிற ஒருவரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. மணியடிக்க வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டு, வாட்ச்சை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார்.

தேவகுமாரி கையைப் பின்னால் மறைத்தாள். டாக்டர் சிரித்துக்கொண்டே பிடித்து இழுத்தார்.

ஒல்லியான கை. முதல் துளையில்தான் மாட்டவேண்டும். அந்தத் துளை ஏற்கெனவே இழுபட்டு அகன்றிருந்தது.

அவள் மணிக்கட்டைச் சுற்றி வெயில் படாத ஒரு வெளுத்த தடம் இருந்தது. பட்டை அதில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

டாக்டர் வெளியே தொங்கிய தண்டவாளத் துண்டைப் பார்த்தார். தேவகுமாரியின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்தார். சேர்வராயன் மலையை அன்றுதான் புதிதாகக் கொண்டுவந்து வைத்ததுபோல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த அங்கப்பனையும் பார்த்தார்.

கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் சொன்னால் போகப்போவது அவன் வேலை மட்டுமல்ல, அவள் வீடும்தான்.

வாட்ச்சைக் கழற்றி அங்கப்பன் கையில் மாட்டினார், கடைசித் துளையில். மேலே பிளாஸ்திரியைச் சுற்றி ஒட்டி, அதன்மீது கையெழுத்தும் போட்டார்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன் ரைட்டர் சார். இவர் ராத்திரி கண்ணை மூடவே கூடாது, மணியும் இவரேதான் அடிக்கணும். இந்தம்மா தூங்கியே ஆகணும். அப்பத்தான் என் ஆராய்ச்சி உருப்படும்."

ரைட்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஆராய்ச்சி என்றதும் பலமாகத் தலையாட்டினார்.

அங்கப்பன் பேயறைந்தவன்போல் பிளாஸ்திரியைப் பார்த்தபடி நின்றான்.

தேவகுமாரி டாக்டரைக் கும்பிடக் கையெடுத்தாள். அதற்குள், வாயைப் பொத்தக்கூட முடியாமல், நீளமாக ஒரு கொட்டாவி வந்துவிட்டது.