பிளாஸ்க் காபி

இன்சூரன்ஸ் வைத்திலிங்கம் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் தோளில் ஒரு பிளாஸ்க் தொங்கும். சாவு வீட்டில் அடுப்பு எரியாது அல்லவா? அதனால் வீட்டிலிருந்தே காபி கொண்டுபோவார். புருஷனை இழந்தவள் அதில் ஒரு வாய் குடிக்கும்வரை செத்தவரைப் பற்றியோ பாலிசியைப் பற்றியோ வாயைத் திறக்க மாட்டார். பரிமளாவும் ஒரு காலத்தில் அதைக் குடித்தவள்தான். காபி தொண்டையில் இறங்கிய பிறகுதான் புருஷன் செத்தது அவளுக்கு உறைத்தது. பிறகு அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து ஏஜெண்டாக்கியதும் அவரே.

இப்போது ஐஸ் பெட்டிக்குள் வைத்திலிங்கம் கிடந்தார். பரிமளா அதே பிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றி அவர் மனைவி கமலவேணியிடம் நீட்டினாள்.

“யாருடி கலந்தது?”

“நான்தாங்க்கா. குடிங்க.”

“ஊர்ல தாலியறுத்தவளுக்கெல்லாம் இத்தனை வருஷமா நான்தான்டி கலந்து குடுத்தனுப்பினேன். இதைக் குடிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?”

டம்ளரை வாங்கிக்கொண்டாளே தவிர உதட்டில் வைக்கவில்லை. அம்மா குடிக்காமல் அப்பாவை எடுப்பதில்லை என்று மகன்கள் சொல்லிவிட்டார்கள். பாடை கட்ட வந்தவர்கள் பந்தலிலேயே படுத்துத் தூங்கினார்கள். மாலைகள் வாடின, புது மாலைகள் வந்தன, அவையும் வாடின. சங்கு ஊதுகிறவன் கோபித்துக்கொண்டு வேறு சாவுக்குப் போய்விட்டான். கடைசியில் ஐஸ் பெட்டியையும் மீறி வாடை வந்தது.

“அக்கா, அவரை இப்படிப் போட்டு வைக்கலாமா? ஒரே ஒரு வாய்” என்று கெஞ்சியபடி பரிமளா டம்ளரைத் தொட்டாள். விரல் சுட்டது. முதல் நாள் ஊற்றிய அதே காபியிலிருந்து இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“இருடி” என்றாள் கமலவேணி. “ஆறட்டும்.”