அண்ணன் கரடு

பெரியவர் திரியை எண்ணெயில் முக்கினார். தீப்பெட்டியை மடியிலிருந்து எடுக்கவில்லை.

பழைய வேட்டியை முறுக்கிய திரி. கைத்தண்டிக்கு இருந்தது. கொப்பரை நிறைய இலுப்பெண்ணெய்.

பக்கத்துப் பாறையில் ஏட்டு உட்கார்ந்திருந்தார். காவலுக்கு அனுப்பியிருந்தார்கள். பூட்ஸோடு ஏறி வந்திருந்தார். மேடுதானே என்று அடிவாரத்தில் சொன்னார். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

மேட்டுக்கே இப்படி இரைக்கிறதே, மலையாக இருந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டல்லவா போகணும் என்று இவர் கேட்டார்.

ஏட்டு தொப்பியால் விசிறிக்கொண்டார்.

எதிரே, வயலுக்கு அந்தப் பக்கம், தம்பி கரடு. இது அண்ணன் கரடு.

கார்த்திகைக்குக் கார்த்திகை அண்ணன் உச்சியில் முதலில் தீ ஏறும். அதைப் பார்த்துத் தம்பி. இரண்டும் எரிந்தால்தான் கீழே இரண்டு ஊரிலும் வீட்டு விளக்கு.

அண்ணன் இருட்டாக இருக்கும்போது தம்பி முந்தினால் அது விளக்கில்லை.

கொள்ளி.

அண்ணன் செத்தான் என்று அர்த்தம்.

போன கோடையில் ஒரு விமானம் வந்தது. பருந்து மாதிரி இரண்டு கரட்டையும் சுற்றியது. மேலே இருந்தபடியே உசரத்தை அளந்துவிட்டதாம். ஒருத்தன் கால் கூட மண்ணில் படவில்லை.

பிறகு தாசில்தார் ஆபீசில் கூப்பிட்டு வாசித்தார்கள். தம்பி கரடுதான் உசரம். அதைக் குன்று என்று எழுதியாகிவிட்டது. அண்ணன் குன்றுக்கு வேண்டிய அளவைத் தொடவில்லை. இனி அது மேடு.

வாசித்து முடிக்கும் முன்பே எதிர் ஊர் மாயழகு துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அந்த வீட்டில்தான் இவர் மகளைக் கொடுத்திருக்கிறது.

"இனிமே நீங்கதான் எங்களுக்குத் தம்பி, சம்பந்தி."

ஆபீசே சிரித்தது.

சண்டை வேண்டாமென்று உத்தரவு போட்டார்கள். உசரமானது முதலில். மேடு பின்னால். மீறினால் ஜெயில்.

கைநாட்டு கேட்டார்கள். இவர் விரலை மடக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அளந்தது பொய் என்று அவர் சொல்லவில்லை. நம்பவும் இல்லை. மெய்யாகவே இருக்கட்டுமே. அவருடைய கூடப்பிறந்தவன் அவரைவிட ஒரு சாண் உசரம். சாகிற வரைக்கும் அண்ணே என்றுதான் கூப்பிட்டான்.

பொழுது இறங்கியது.

தம்பி உச்சியில் ஆட்கள் நிற்பது கறுப்பாகத் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

தீ ஏறவில்லை.

அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முந்தச் சொல்லித்தானே உத்தரவு, முந்தட்டும் என்றார்.

கீழே ஒரு வீட்டிலும் விளக்கில்லை. மகளும் அகலில் எண்ணெய் ஊற்றிவிட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பாள்.

ஏட்டின் போன் அடித்தது. தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்தார்.

அங்கே பந்தம் ஆள் மாறி ஆளாகப் போகிறதாம். வாங்கினவன் எல்லாம் அடுத்தவன் கையில் திணிக்கிறானாம். கடைசியில் மாயழகு கைக்கே வந்துவிட்டதாம். வாய் வேறு, கை வேறு என்று சொல்லிவிட்டுக் கொப்பரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாராம்.

பெரியவர் மூக்கைச் சிந்திப்போட்டார்.

ஏட்டு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். அங்கே முதலில் எரிந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று தான் எழுதிக்கொள்வாராம். அப்புறம் பெரியவர் வைக்கலாமாம். கேசும் இல்லை, கீசும் இல்லை.

எதிரே மை இருட்டு.

செத்தான் என்று எழுதி வைத்துவிட்டு, அதற்கப்புறம் விளக்கா.

மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"எழுதுறதை ஒழுங்கா எழுதுங்க ஏட்டய்யா. முதல்ல வச்சது நான். பேரு ஒச்சப்பன். ஊரு அண்ணன் கரட்டுப்பட்டி."

குச்சியை உரசினார். காற்றுக்குக் கையைக் குவித்தார்.

திரி முனகிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

கீழே குலவை கேட்டது. முதல் குலவை எதிர் ஊரிலிருந்து வந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டினார். துண்டைத் தோளில் போட்டார். வாங்க போவோம் என்று இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

ஏட்டு எழுந்திருக்கவில்லை.

குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.