விலாசமுள்ள வதந்திகள்

"மாமா, கையெடுத்துக் கும்பிடறேன். இனிமே எனக்கு எதையும் ஃபார்வேர்ட் பண்ணாதீங்க!"

மாமனார் ஃபோனைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டார். "சரிம்மா. போதும்னா நிறுத்திடறேன்."

போதுமாம்! நாளைக்கு நிலா பச்சையாத் தெரியுமாம். அரிசிக்குள்ள வச்சா ஃபோன் சார்ஜ் ஏறுமாம். ரெண்டு மாசமா இதே ரோதனை. மியூட்ல போட்டும் விடலை, தினம் காலையில "பார்த்தியாம்மா?"னு கேள்வி வேற.

ஃபோன்ல சுத்தற பொய்ச் செய்திகளைப் பத்தியே எம்.ஏ. ஆராய்ச்சி பண்ற மருமக இருக்கிற வீட்ல இந்தக் கூத்து!

"ரிட்டையர் ஆன தபால்காரர். டெலிவரி பண்ணாம கை சும்மா இருக்குமா? விடேன்" என்று சிரித்தார் என் கணவர்.

"உங்களுக்கென்ன? காலேஜ்ல தெரிஞ்சா என் மானம்தான் போகும்."

அன்னைக்கு மதியமே பேராசிரியை என் ஆராய்ச்சிக் கோப்பைப் புரட்டிட்டு உதட்டைப் பிதுக்கினாங்க.

"முந்நூறு பொய்ச் செய்தி கேட்டேன், நூறுதான் இருக்கு. மொட்டையா வந்த செய்தி செல்லாது. எந்த குரூப், எந்தத் தேதி, எத்தனை மணின்னு வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா அடுத்த வருஷம்தான்."

வீட்டுக்கு வந்து கோப்பை மேஜையில வீசிட்டு அழுதே விட்டேன். இன்னும் இருநூறுக்கு எங்கே போவேன்?

விஷயத்தைக் கேட்ட மாமனார் தயங்கித் தயங்கி வந்தார்.

"ஏம்மா, நான் அனுப்பினதை அழிச்சுட்டியா?"

"இல்லை மாமா... வெளியே தெரியற முதல் வரியைப் பார்த்ததோட சரி, திறக்கவே இல்லை."

"இருநூத்திப் பதினாலு இருக்கும்மா. இந்த மாதிரி வேணும்னு நீ ஃபோன்ல யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தியே, அதுக்காகத்தான் பதினோரு குரூப்ல சேர்ந்தேன். காலையில நீ வேண்டாம்னதும், தேவையானது சேர்ந்துடுச்சு போலன்னு நினைச்சேன்."

திறந்தேன். ஒவ்வொரு செய்திக்கும் அடியில ஒத்தை விரலால தட்டியிருந்தார்: எந்த குரூப், எந்தத் தேதி, எத்தனை மணி. ஒண்ணுகூட விடலை.

"விலாசம் இல்லாத தபால் யாருக்கும்மா உதவும்?" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாம குனிஞ்சேன். மேஜையில கிடந்த கோப்பு என்னையே பார்த்தது. அட்டையில கொட்டை எழுத்துல என் ஆய்வுத் தலைப்பு:

'முழுதும் படிக்காமலே முடிவுக்கு வருகிறவர்கள்.'